நாற்பத்தேழில் முடியும் எண்

உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போன பிறகுதான் புனிதவதிக்கு உறைத்தது, இந்த ஏசி மனுஷருக்காகப் போட்டது இல்லை, போன்களுக்காகப் போட்டது. போன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் சுகமாகப் படுத்திருக்க, மனுஷர்கள் இரும்பு நாற்காலிகளில் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே திருச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே ரோட்டில் போகிற பஸ்ஸும் ஆட்டோவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் நகர்கின்றன. இங்கே முதல் மாடியில், செல்போன் சர்வீஸ் சென்டரில், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இழுக்கும்போது கை இடது மார்பில் பட்டது. பட்டதும் வெடுக்கென்று எடுத்துவிட்டாள், சூடான பாத்திரத்தில் பட்ட மாதிரி. மடியில் இரண்டு போன்கள். ஒன்று செத்தது, இன்னொன்று இன்னும் கண் திறக்காதது. செத்ததை நேற்றுக் காலை குளியலறை வாளிக்குள் தள்ளியவள் அவளேதான். ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வரும் என்று ஒரு வாரமாக அந்தப் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், கோர்ட்டில் கறுப்பு கவுனுக்குள் வைத்துக்கொண்டாள், குளிக்கப் போகும்போது சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்தாள், ஈரக் கை பட்டது, டொபுக்கென்று விழுந்தது, அவ்வளவுதான். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரத்தில் ஒருத்தன் நீச்சல் குளத்தில் குதித்துப் படம் எடுப்பான். அவனுக்கு என்ன, படம் எடுத்து முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். கவுண்டரில் இருக்கும் பெண், ரிஸ்வானா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது, போனைத் திறந்து பார்த்துவிட்டு, "லிக்விட் டேமேஜ் மேம், வாரண்டில வராது" என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். அவளைச் சொல்லி என்ன செய்ய.

இதை எழுத வேண்டும், இந்த வாரம் இதையே எழுதிவிடலாம் என்று பழக்கதோஷத்தில் மனசு ஓடியது. சனிக்கிழமை தோறும் பேப்பரோடு வரும் இணைப்பில் நாலாம் பக்கம் அவளுடையது. 'கேட்டு எடு' என்று தலைப்பு. கேட்காமல் எதையும் எடுக்காதே என்று கம்பெனிக்காரனுக்குச் சொல்வது; கேட்டால் யோசித்துக் கொடு என்று ஜனங்களுக்குச் சொல்வது. நுகர்வோர் கோர்ட்டில் வக்கீலாகக் காலம் தள்ளியவள், பொழுதுபோகாமல் எழுத ஆரம்பித்து இப்போது வக்கீல் புனிதவதியைவிட 'கேட்டு எடு' புனிதவதியைத்தான் நாலு பேருக்குத் தெரிகிறது. முன்னாடியெல்லாம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் விற்ற கடைக்காரர் கோர்ட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார், அந்த மனுஷனைப் பார்த்துக் கோபப்படலாம், அவரும் முறைப்பார், அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது எதிர்மனுதாரர் என்று யாரைக் கூப்பிடுவது? ஒரு தபால்பெட்டி எண், ஒரு மெயில் விலாசம், பதில் எழுதுவதுகூட மிஷின். போனின் முதுகை முன்னாடி நகத்தால் நெம்பினால் கழன்று வரும், பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டால் ஓடும். இப்போது பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறான், உன் சாமானை நீ திறந்தால் குற்றம். ராத்திரி நாம் தூங்கும்போது உள்ளே புகுந்து அப்டேட் என்று எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுக் காலையில் 'உங்கள் வசதிக்காக' என்கிறான். என் வீட்டுக்குள் வந்து என் அஞ்சறைப் பெட்டியை மாற்றி வைத்துவிட்டு என் வசதிக்காக என்று ஒருத்தி சொன்னால் விடுவேனா. இதையெல்லாம் எழுதியாயிற்று. எத்தனை தடவை எழுதியாயிற்று. எழுதி என்ன, மறுநாள் அதே பேப்பரை நாலாய் மடித்து வடைக்கு எண்ணெய் ஒற்றிவிட்டு, போனில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அலுத்துவிட்டது. எழுதுகிறவளுக்கே அலுத்த பிறகு படிக்கிறவர்களைக் குறை சொல்வானேன்.

புதுப் போனின் திரை இருட்டிவிட்டது. தொட்டாள், வெளிச்சம் வந்தது, அதே வாசகம். 'இது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய, 47இல் முடியும் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புவோம்.' அவளுடைய கணக்கு, அவளுடைய மெயில், அவள் எழுதிய கட்டுரை அத்தனையும், கட்சிக்காரர்கள் அனுப்பிய புகார்கள், அப்பா ஈஸிசேரில் வாயைத் திறந்து தூங்கும் படம் உட்பட எல்லாம் அதற்குள். உள்ளே போக அவள் அவள்தான் என்று நிரூபிக்க வேண்டும். பாஸ்வேர்டு? யாருக்கு ஞாபகம் இருக்கிறது, பழைய போன்தான் ஞாபகம் வைத்திருந்தது, அது வாளியோடு போய்விட்டது. "அந்த 47 உங்க நம்பர்தானே மேம்?" என்று ரிஸ்வானா கேட்டபோது, இல்லையே, என்னுடையது 82இல் முடியும் என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள். முழு எண்ணும் தானாக நாக்கில் வந்து நின்றது. இந்தக் காலத்தில் யாருக்கு யார் எண் மனப்பாடம்? அவளுக்குத் தன் எண்ணையே சில சமயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இது வந்தது, பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாடு மாதிரி கடகடவென்று வந்தது. தம்பி ஞானசம்பந்தத்தின் பழைய எண். "யோசிச்சுட்டு வாங்க மேம். அந்த நம்பர் கைல இருந்தாதான் அனுப்பணும். ரெண்டு தடவ தப்பாப் போட்டா லாக் ஆயிடும்." அந்த நம்பர் கிடைக்காவிட்டால்? "அப்ப அக்கவுன்ட்டே போயிடும் மேம். புதுசா ஆரம்பிச்சுக்கலாம், ஈஸிதான்." இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு ஈஸி. ஐம்பத்து நாலு வயதில் புதுசாக என்னத்தை ஆரம்பிப்பது?

அவன்தான் ஆரம்பித்துக் கொடுத்தான். ஞானசம்பந்தம் அப்போது சென்னையில் முதல் வேலையில் சேர்ந்திருந்தான், கம்ப்யூட்டர் வேலை என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். லீவில் வந்தவன், அக்காவுக்கு மெயில் வேண்டும் என்று உட்கார்ந்தான். போன் நம்பர் கேட்கிறது என்றான். அவளிடம் ஏது போன், வீட்டில் இருந்த லேண்ட்லைனுக்கு மெசேஜ் வருமா. "எந்நம்பரப் போட்டுடறேன்க்கா, ஒண்ணும் ஆவாது." ஒன்றும் ஆகாது. அந்த வீட்டில் அதுதான் வழக்கமாகப் போயிற்று. எதற்கு நம்பர் கேட்டாலும் சம்பந்தம் நம்பர். கேஸ் சிலிண்டருக்கு அவன் நம்பர், கரண்ட் பில்லுக்கு அவன் நம்பர், அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே ஒரு அட்டை போட்டார்கள், அதற்கும் அவன் நம்பர். எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தன் இருக்கிறான், மெசேஜ் வந்தால் "என்னவோ நம்பர் வந்திருக்குப் பாரு" என்று எல்லாருக்கும் படித்துச் சொல்கிறவன். இது தப்பு என்று பிற்பாடு அவளே எழுதினாள். உங்கள் கணக்கு உங்கள் எண்ணில் இருக்கட்டும், மகன் எண்ணில், மருமகன் எண்ணில் வேண்டாம், உறவு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது என்று எழுதினாள். அந்தக் கடைசி வரியை எடிட்டர் பாராட்டினார். எழுதிவிட்டு பேங்குக்குப் போய் அதை மட்டும் தன் நம்பருக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். மற்றதெல்லாம்? மாற்றலாம், மாற்றலாம் என்றிருந்தாள். ஓடிக்கொண்டிருப்பதை எதற்குத் தொடுவது என்று எல்லாரும் சொல்கிறதைத்தான் அவளும் சொல்லிக்கொண்டாள்.

உறவு ஒரே மாதிரி இருக்கவில்லை. அது ஒரு பொங்கல் லீவு, அப்பா போன மறுவருஷம். அவன் வந்திருந்தான், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் கேட்டான், போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் கம்பெனி செய்கிற புது சாஃப்ட்வேரைப் பற்றிச் சொன்னான். பெரிய பெரிய ஜவுளிக்கடைகளில் சேல்ஸ் கேர்ள்ஸ் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் கழுத்து அட்டையில் ஒரு சின்ன சிப். யார் எங்கே நிற்கிறாள், கஸ்டமர் பக்கத்தில் எவ்வளவு நேரம், பாத்ரூமில் எவ்வளவு நேரம், எல்லாம் சூப்பர்வைசர் போனில் தெரியும். "பாத்ரூம்லயா?" என்று கேட்டாள். "டேட்டாதானேக்கா, யாரு அத உக்காந்து பாக்கப் போறாங்க" என்று அப்பளத்தை நொறுக்கினான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளை அன்றைக்குத் தூங்கவிடவில்லை, தன் கையால் சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளை கெட்டவனாக இல்லாமலேயே இதைச் செய்கிறான் என்பது. பகல் முழுக்க உட்காரக்கூட ஸ்டூல் இல்லாமல் நிற்கிற பெண்கள், மாதத்தில் அந்த நாட்களில் என்ன செய்வார்கள், மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றால் சூப்பர்வைசரின் திரை என்ன சொல்லும் என்றெல்லாம் சனிக்கிழமை எழுதிவிட்டாள். பேர் போடவில்லை, ஊர் போடவில்லை. ஆனாலும் பற்றிக்கொண்டது. தொழிற்சங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், கடைக்காரர்கள் வேண்டாம் என்று பின்வாங்கினார்கள், கம்பெனிக்காரனுக்கு எழுதியவளின் தம்பி யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும். அவனை முதலில் அந்த வேலையிலிருந்து மாற்றி, பிறகு வேலையை விட்டே அனுப்பினார்கள். போன் பண்ணினான். கத்துவான் என்று நினைத்தாள், கத்தியிருந்தால் தேவலை. "சாப்புடறப்ப சொன்னத எடுத்து எழுதியிருக்க. எங்கிட்ட கேட்டியாக்கா?" அவ்வளவுதான். அதற்கப்புறம் ரெண்டு தீபாவளி போய்விட்டது.

கேட்டியாக்கா. இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்காத நாள் இல்லை. எழுதியது தப்பா? இல்லை. இன்றைக்கு அவன் வந்து சொன்னாலும் எழுதுவாள், இன்னும் காட்டமாகக்கூட எழுதுவாள். கேட்டிருந்தால்? வேண்டாம் என்றிருப்பான். வேண்டாம் என்றால் எழுதியிருக்க முடியுமா? முடியாது. அப்போது அந்தப் பெண்கள்? சரி, அந்தப் பெண்களுக்காக என்றால் கேட்காமல் எடுக்கலாமா? இதைத்தானே ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சொல்கிறான், பொது நன்மைக்காக எடுத்தோம் என்று. அவன் லாபத்துக்குச் சொல்கிறான், நான் அப்படியா? ஆனால் எடுக்கப்பட்டவனுக்கு அதில் என்ன வித்தியாசம்? சுற்றிச் சுற்றி இதே இடம்தான், செக்கு மாடு மாதிரி. கோர்ட்டில் என்றால் நீதிபதி ஒரு தேதி சொல்லி ஒத்திவைத்துவிடுவார். மனசு வாய்தா கொடுக்க மாட்டேன் என்கிறது. ஒருமுறை போன் பண்ணியிருக்கலாம். எழுதினது எழுதினதுதான்டா, ஆனா உங்கிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கணும், என்று இரண்டு வரி. வக்கீல் வாய்க்கு இரண்டு வரி வராமலா போய்விடும்? வரவில்லை. வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சித்தப்பா சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அவன் எண்ணைக் கேட்கவில்லை.

இடது கை தானாக மறுபடி அங்கே போயிற்று. சேலையைச் சரிசெய்கிற மாதிரி. அது இருந்தது. ஒரு வாரத்தில் எங்கே போய்விடும்? புளியங்கொட்டை அளவு, அழுத்தினால் வலிக்காது; வலித்தால் தேவலை, வலிக்காவிட்டால்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்தார்கள். எடுக்கும் முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், கேட்டு எடுத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ரிசல்ட் வந்ததும் மெசேஜ் வரும், வந்ததும் வந்து பாருங்கள் என்றார்கள். அப்பாவுக்குப் பார்த்த அதே ஆஸ்பத்திரி, அதே அட்டை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு போர்டு: நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அறிக்கைகள் யாருக்கும் தரப்பட மாட்டாது. அதைப் பார்த்ததும் அந்த நிலைமையிலும் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது. ஊரிலேயே அந்த போர்டு வரக் காரணம் அவள் நடத்திய கேஸ்தான். வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை மாமியார் கையில் தூக்கிக் கொடுத்து, அது குடும்பமெல்லாம் சுற்றி, அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்காக வாதாடி ஜெயித்தாள், இரண்டு வாரம் தொடர்ந்து எழுதினாள், அப்புறம் எல்லா இடத்திலும் போர்டு மாட்டினார்கள். போர்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கவுண்டர் பெண், "அதே நம்பர்தானே மேம்?" என்றாள். "அதேதான்மா." போர்டை முழுசாகப் படித்தாள், கேள்வியை முழுசாகக் கேட்கவில்லை. அப்போதிருந்து மெசேஜ் வரவில்லை. வராதது நல்லதுதான். கெட்டதாக இருந்தால் உடனே கூப்பிடுவார்கள், அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். மெசேஜ் வராத வரைக்கும் ஒன்றும் இல்லை. நேரே போய்க் கேட்டுவிடலாம், ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷம், இங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு நாலு தடவை போய் வந்திருக்கலாம். போகலாம். முதலில் போன் சரியாகட்டும். போன் சரியானால்தானே மெசேஜ் வரும். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை, சமைக்க வருகிற அம்மாளிடம் சொன்னால் அந்தம்மா அழும், அதைத் தேற்ற நம்மால் ஆகாது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தன் மருமகளிடம் எதையோ காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், அவள் பார்க்காமலேயே "ஓகே குடுங்க மாமா, எல்லாத்துக்கும் ஓகே குடுங்க" என்றாள். அவரும் கொடுத்தார். முன்பென்றால் புனிதவதி திரும்பிப் பார்த்து, ஐயா படிச்சிட்டுக் குடுங்க என்றிருப்பாள். இன்றைக்கு வாய் திறக்கத் தோன்றவில்லை. சொந்தத் தகவலைக் காக்கப் புதுச் சட்டம் வந்துவிட்டது, சம்மதம் தெளிவாக இருக்க வேண்டும், தெரிந்து கொடுக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நல்ல சட்டம்தான். எழுதியவர்கள் புத்திசாலிகள். ஆனால் மனுஷன் சோர்ந்துபோய் ஒரு கவுண்டரில் நிற்கும்போது அவனிடம் எது கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வான் என்பதற்கு எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது?

அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ. அது அடுத்த பயம். கொஞ்ச நாள் உபயோகிக்காமல் விட்டால் எண்ணை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதையும் எழுதியிருக்கிறாள். ஒரு ஓய்வுபெற்ற டீச்சருக்குப் புது சிம்மில் முன்பின் தெரியாத யாருடைய கடன்காரர்களோ போன் பண்ணி வைத கதை. சம்பந்தம் அந்த எண்ணை எப்போதோ விட்டிருப்பான், சென்னையில் அவனுக்கு இப்போது வேறு எண் இருக்கும். கூப்பிட்டால் யாராவது ஓசூரிலோ உளுந்தூர்பேட்டையிலோ எடுத்து, யாரு வேணும் என்பான். அவனிடம், தம்பி, உங்களுக்கு ஒரு நம்பர் வரும், அதை எனக்குச் சொல்லுங்க என்று கேட்டால் போலீசுக்குப் போவான். போகத்தான் வேண்டும். யார் கேட்டாலும் குறியீட்டைச் சொல்லாதீர்கள் என்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதுகிறவள் அவள்தானே. ஆனால் உண்மையான பயம் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனே எடுத்துவிட்டால்? இரண்டு தீபாவளி கழித்து, அக்கா எதற்குக் கூப்பிடுகிறாள், ஓடிபி கேட்க. சுகமா என்று கேட்க இல்லை. தூ. இதைவிட அக்கவுன்ட் போகட்டும். அப்பா படம் போகட்டும். அப்பா படமா? அவர் வாயைத் திறந்து தூங்கும் அந்தப் படத்தை எடுத்தவனே அவன்தான், அதில் ஓரமாக அவன் கட்டைவிரல்கூட விழுந்திருக்கும்.

"மேம், யோசிச்சீங்களா? ஒரு மணிக்கு லஞ்ச் பிரேக்." ரிஸ்வானா கண்ணாடித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள். புனிதவதி எழுந்து கவுண்டருக்குப் போனாள், முழங்கால் முனகியது. செத்த போனிலிருந்து எடுத்துப் போட்டிருந்த சிம் புதுப் போனில் வேலை செய்கிறது, கூப்பிட முடியும். போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு, ரிஸ்வானா கொடுத்த இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். பத்து எண்களையும் பார்க்காமலேயே அழுத்தினாள். கடைசி 4, 7. மணி போயிற்று. எடுக்காதே, எடுக்காதே என்று மனசின் ஒரு பக்கம் வேண்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் என்ன வேண்டிக்கொண்டது என்று கவனிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லுக்கா."

யாரென்று கேட்கவில்லை. நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தது மாதிரி. புனிதவதி இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வரிசையாகச் சொல்ல வேண்டியது எல்லாம் இருந்தது, சுகமா, வேலை எப்படி இருக்கு, அன்னைக்கு உங்கிட்ட கேட்டிருக்கணும். வந்தது என்னவோ, "அந்த நம்பர இன்னும் வெச்சிருக்கியாடா?" என்பதுதான்.

"வெச்சிருக்கேன்க்கா. பட்டன் போன்ல கெடக்கு. உன் மெசேஜெல்லாம் இதுலதானே வருது, எப்படி விடறது? சிலிண்டர் வந்தா வருது, கரண்ட் பில்லு வந்தா வருது. போன வருஷம் ரொம்ப நாளா சிலிண்டரே நீ புக் பண்ணல, நீ ஊர்லயே இல்லியோன்னு பயந்துட்டேன்."

"இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன்" என்றாள். ஏதோ குறுக்கு விசாரணையில் பதில் சொல்கிற சாட்சி மாதிரி அவள் குரல் அவளுக்கே கேட்டது. இரண்டு தீபாவளியாக ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து இவள் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வேறு யாராவது இப்படிச் செய்தால் பக்கம் முழுக்க எழுதிக் கிழித்திருப்பாள். ரிஸ்வானா கையைக் காட்டி அனுப்பட்டுமா என்றாள், இவள் தலையசைத்தாள். "சம்பந்தம், ஒரு நம்பர் வரும், அதச் சொல்லு. எம்போன் தண்ணில விழுந்துடுச்சு." அவன் லைனிலேயே இரு என்றான், பட்டன்கள் கீச் கீச்சென்றன, பிறகு ஒவ்வொரு எண்ணாக, அவள் எழுதிக்கொள்ள நேரம் விட்டு, சின்ன வயதில் அவள் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தில் ஆறு எண்களையும் சொன்னான். ரிஸ்வானா தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நன்றி என்று சொல்லி வைத்துவிடலாமா என்று நினைத்தாள். வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ சத்தம், டம்ளர்கள், யாரோ வடை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கும் பேச்சு.

"அக்கா, திட்டாத. நான் படிக்கணும்னு படிக்கல, அது வந்து மேலயே நிக்குது." அவன் குரல் இறங்கியது. "ரிப்போர்ட் ரெடி, டாக்டர வந்து பாருங்கன்னு திங்கக்கிழமையே வந்துச்சு. நீ போயிடுவேன்னு இருந்தேன். நேத்து மறுபடியும் வந்துச்சு, இன்னும் வாங்கலன்னு. டாக்டர் பேருக்குப் பக்கத்துல எந்த டிபார்ட்மென்ட்னு போட்டிருக்கான்."

அதே நம்பர்தானே மேம். அதேதான்மா. புனிதவதி கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாகக் குளியலறை வரை தூக்கிக்கொண்டு திரிந்த போனுக்கு அந்த மெசேஜ் வரவே போவதில்லை. வராத வரைக்கும் ஒன்றும் இல்லை என்று கட்டி வைத்திருந்தது பொலபொலவென்று போயிற்று. வந்துவிட்டது, திங்கட்கிழமையே வந்துவிட்டது. இவள் கோர்ட்டில் யாருடைய வாஷிங் மெஷினுக்கோ வாதாடிக்கொண்டிருந்தபோது அவன் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். பயமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

"எங்கடா இருக்க?"

"இங்கதான். ஆஸ்பத்திரி எதிர்ல டீக்கடைல. ராத்திரி பஸ்ல வந்தேன். வீட்டுக்கு வரலாம்னுதான் வந்தேன்க்கா, என் மெசேஜ எவன் உன்னப் படிக்கச் சொன்னான்னு கேப்பியோன்னு நேரா இங்க வந்துட்டேன். வாங்கிட்டு, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்பறம் வந்து சொல்லலாம்னு பார்த்தேன். தர மாட்டேங்கறாங்க. கூடப் பொறந்தவன்னு சொன்னேன், கூடப் பொறந்தவங்களுக்கும் கெடையாதாம், நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். போர்டக் காட்டறாங்க. நீ மாட்ட வெச்ச போர்டுதானேக்கா அது."

சிரிப்பு வந்தது அவளுக்கு, அழுகையும் அதோடேயே வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. ரிஸ்வானா பதறிப்போய் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள். "சம்பந்தம்," என்றாள். "அன்னைக்கு உங்கிட்ட கேட்டிருக்கணும்டா. எழுதினது சரிதான். ஆனா கேட்டிருக்கணும்." "சரிக்கா," என்றான். "அது கெடக்கு. இப்ப வர்றியா?" "அங்கயே இரு. வந்து கையெழுத்துப் போடறேன். உன் பேரயும் சேத்து எழுதிக் குடுத்துடறேன், இனிமே வந்தா நீயே வாங்கிக்க." இனிமேல் என்ற வார்த்தையைத் தானா சொன்னோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஓப்பன் ஆயிடுச்சு மேம்." ரிஸ்வானா போனைத் திருப்பிக் காட்டினாள். எல்லாம் திரும்பி வந்திருந்தன, அதற்கு மேலே ஒரு கேள்வி: 47இல் முடியும் எண் இன்னும் உங்களுடையதுதானா? கீழே ஆம் என்று ஒன்று, மாற்று என்று ஒன்று. "மாத்திடறேன் மேம், உங்க 82 நம்பரே போட்டுக்கலாம். அடுத்தவங்க நம்பர்ல இருக்கறது சேஃப் இல்ல, பேப்பர்லகூட எழுதறாங்க." அவள் விரல் மாற்று என்பதற்கு மேலே போய்விட்டது. "குடும்மா" என்று புனிதவதி போனை வாங்கினாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி வரை, கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் விடாமல் படித்தாள். படித்துவிட்டு ஆம் என்பதைத் தொட்டாள். இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, செத்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள், வெயில் முகத்தில் சுளீரென்று அடித்தது. முதலில் வந்த ஆட்டோவை நிறுத்தி, ஒரு வாரமாக வாயில் வராமல் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லி, அதற்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள்.